பழம்பொருள் தேர்வும் பாட்டின் தேர்வும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசுவதே முறை. நான் எடுத்துக்கொண்டிருப்பதோ சீனத்துப் பீங்கான் சாடி. ஒரு சாடி உண்மையிலேயே பழமையானதா, பழமை போலச் செய்யப்பட்டதா என்பதை எவ்வாறு தேர்வது என்பதே என் உரையின் பொருள். இதனை எடுத்துக்கொள்ள இரண்டு காரணங்கள் உள்ளன.

முதற் காரணம் நம் மண்ணைச் சார்ந்தது. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை எழுந்தது முதல், திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ஏரிப்பாசன நிலங்கள் ஒவ்வொன்றாக ஆலை மனைகளாயின. தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட குடும்பங்கள் நிலத்தை விற்றன. வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வரக்கூடிய பெருந்தொகை அவர்கள் கைக்கு வந்தது. அத்தகைய தொகை இருக்கும் வீடுகளைத் தேடி, இரிடியக் கலசம் என்றும், அரிசியை இழுக்கும் செம்பு என்றும் சொல்லிக்கொண்டு வருவோர் தமிழ்நாட்டில் உண்டு என்பதை நாளிதழ் படிப்போர் அறிவர். அந்த வரிசையில் ‘மிங் காலத்துச் சாடி’யும் சேர்வது மிக எளிது. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் 2021 செப்டம்பரில் பழம்பொருள் வணிகர் ஒருவர் மோசடி வழக்கில் கைது செய்யப்பட்டார். மோசேயின் கோல், திப்பு சுல்தானின் அரியணை என்றெல்லாம் அவர் காட்டிய பொருள்கள் அண்மையில் செய்யப்பட்டவை என்று தெரியவந்தது. அவற்றைப் பார்த்து வியந்தவர்களுள் படித்தவர்களும் உயர்பதவியில் இருந்தவர்களும் இருந்தனர். படிப்பு மட்டுமே ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இது போதும்.

இரண்டாம் காரணம் நம் வட்டத்தைச் சார்ந்தது. இது பழையதா, இவர் எழுதியதா, இதில் பின்னால் வந்தவர் கை கலந்திருக்கிறதா என்னும் கேள்விகள் நாம் பாடல்களைப் படிக்கும்போது இடைவிடாமல் எழுகின்றன. சாடியைத் தேர்வோர் கைக்கொள்ளும் முறைகள் நமக்கும் உதவும் என்பது என் துணிபு.

முதலில், சீனப் பீங்கான் தமிழகத்துக்கு வந்ததா என்று பார்ப்போம். ஐயமின்றி வந்தது. முதலாம் இராசராசன் அனுப்பிய தூதர் 1015இலும், இராசேந்திரன் அனுப்பிய தூதர் 1033இலும், குலோத்துங்கன் அனுப்பிய தூதர் 1077இலும் சீன அரசவையை அடைந்ததைச் சோங் அரசமரபின் பதிவுகள் கூறுகின்றன. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987இல், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக அறிஞர் எ. சுப்பராயலு, சப்பானியப் பேராசிரியர் நொபொரு கராசிமா முதலியோர் ஈடுபட்ட ஆய்வில் 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் ஓடுகள் நூற்றுக்கணக்கில் வெளிப்பட்டன. லோங்சுவான் சூளைகளின் பசுமை நிறப் பீங்கான், ஜிங்டெசென் சூளைகளின் வெண்பீங்கான், நீலமும் வெண்மையும் கலந்த பீங்கான் ஆகியவை அவற்றுள் அடங்கும். எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை 1995இல் தஞ்சையில் தலைமையேற்று நடத்தியவராக நாம் அறிந்த அதே கராசிமா, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இந்த ஓடுகளைத் தேடி ஊர் ஊராக நடந்தவரும் ஆவார். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டிலும் சீன ஓடுகள் கிடைத்துள்ளன.

ஆகவே, ‘இந்தப் பக்கத்தில் சீனச் சாடி எப்படி இருக்கும்’ என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. அதே வேளையில், ‘சீனப் பொருள் இங்கே வந்ததே, ஆகவே இதுவும் அதுதான்’ என்று ஏற்கவும் முடியாது. இங்கே கிடைத்தவை எவை என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவை பெரும்பாலும் கிண்ணங்கள், தட்டுகள், சரக்கு அடைத்து வந்த பெருஞ்சாடிகள் ஆகியவற்றின் உடைந்த பகுதிகள். வணிகர் மரக்கலத்தில் ஏற்றி விற்ற புழங்கு பொருள்கள். பேரரசரின் ஆட்சிப்பெயர் பொறித்து அரண்மனைக்கெனச் செய்யப்பட்ட ஓவியச் சாடிகள் இவ்வாறு கடல் வணிகத்தில் வருவதில்லை. இன்று மோசடிக்காரர் கையில் மிகுதியாகக் காணப்படுவதோ இந்த இரண்டாம் வகை. எது வந்திருக்க மிகக் குறைவான வாய்ப்பு உண்டோ, அதுவே மிகுதியாக விற்பனைக்கு வருகிறது.

செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளிவந்து, காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் விற்கப்படும் பீங்கான்களை இங்கே நினைவுகூரலாம். பர்மாவிலும் மலேயாவிலும் வணிகம் செய்த குடும்பங்கள் வாங்கிவந்த பொருள்களுள் சீனத்தவை, சப்பானியவை, ஐரோப்பியவை என எல்லாம் கலந்திருக்கும். நூறாண்டைக் கடந்தவையும் அவற்றுள் உண்டு. அந்த நூறாண்டுப் பழமை மதிப்புடையது. அதனை ஐந்நூறு ஆண்டாகச் சொல்லும்போதுதான் பொய் நுழைகிறது.

இனித் தேர்வு முறைக்கு வருவோம். சாடியைக் கையில் எடுத்தவுடன் பலரும் அதனைக் கவிழ்த்து அடியில் உள்ள எழுத்தைத்தான் பார்க்கின்றனர். ஆறு சீன எழுத்துகள் நீல நிறத்தில் இருக்கும். இன்ன அரசமரபு, இன்ன பேரரசர் ஆட்சியில் செய்தது என்பது அதன் பொருள். படிக்கத் தெரிந்தவர் படித்துச் சொன்னால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் சாடியில் உள்ளவற்றுள் எளிதில் போலி செய்யக்கூடியது அந்த எழுத்தேயாகும். ஒரு தூரிகையும் ஒரு மாதிரியும் இருந்தால் போதும்.

இதில் கருத்தைக் கவரும் செய்தி ஒன்று உண்டு. காங்சி பேரரசரின் காலத்தில், அதாவது 1662 முதல் 1722 வரை, ஜிங்டெசென் குயவர்கள் தங்கள் சாடிகளின் அடியில் இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சுவாண்டே, செங்ஹுவா ஆகிய மிங் பேரரசர்களின் பெயர்களை எழுதினர். ஏமாற்றும் நோக்கமே இதற்கெல்லாம் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முன்னோர் கைத்திறனுக்குச் செலுத்திய மரியாதை என்றே பல அறிஞர்கள் கருதுகின்றனர். ஆளும் பேரரசரின் பெயரைப் பீங்கானில் எழுதக் கூடாது என்று 1677இல் அவ்வூர் அதிகாரி தடை விதித்ததும் ஒரு காரணம். உடைந்த ஓட்டோடு அரசர் பெயரும் குப்பையில் கிடப்பது இழிவு என்று எண்ணினர். அதனால் அக்காலச் சாடிகள் பலவற்றின் அடியில் இரட்டை வட்டம் மட்டும் இருக்கும். உள்ளே எழுத்து இராது. ஆகவே அடியெழுத்து காட்டும் காலமும் பொருளின் காலமும் வேறுபடலாம். பெயர் பொருந்தவில்லை என்பதால் பொருள் குப்பையும் ஆகிவிடாது. சீனா என்னும் நாட்டுப் பெயர் ஆங்கில எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தால், பெரும்பாலும் அது 1891க்குப் பிற்பட்டது. அயல்நாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்னும் அமெரிக்கச் சுங்கச் சட்டம் அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

எழுத்தை விட்டால் எதைப் பார்ப்பது? செய்தவர் பிறர் பார்ப்பார் என்று எண்ணாமல் விட்ட இடங்களைப் பார்க்க வேண்டும். அவற்றுள் முதன்மையானது அடிவளையம். சாடி சூளையில் நிற்கும் பகுதி அது. அங்கே மெருகு பூசினால் சாடி தாங்கியோடு ஒட்டிக்கொள்ளும். எனவே மெருகைத் துடைத்துவிடுவர். ஆகையால் களிமண்ணின் உண்மையான உடல் அங்கேதான் தெரியும். அதன் நிறம், நயம், சீவிய தடம், ஒட்டிய மணல், இரும்புச் சத்து வெந்து ஏறிய செம்பழுப்பு ஆகியவை காலத்துக்கும் சூளைக்கும் ஏற்ப மாறுபடும். புதிய போலியில் அவ்விடம் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கும். அல்லது பழமை தோன்றத் தேயிலைச் சாறோ வேறு சாயமோ ஏற்றியிருப்பர். சாயம் பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே சீராகப் படிந்திருந்தால் ஐயம் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சாடியின் உட்புறம். பெரிய சாடியை ஒரே மூச்சில் சக்கரத்தில் வனைய இயலாது. பகுதி பகுதியாக வனைந்து, கூழான களிமண்ணால் ஒட்டுவர். வெளியே மெழுகி மறைத்தாலும், உள்ளே விரலை விட்டுத் தடவினால் ஒட்டிய இடம் தட்டுப்படும். அச்சில் வார்த்த சாடியில் சுவரின் கனம் ஒரே சீராக இருக்கும், ஒட்டு இராது. மூன்றாவது, தேய்மானம். நூறு ஆண்டு மேசையில் நகர்ந்த பொருளின் அடியில் கீறல்கள் பல திசைகளில், ஆழம் குறைந்தும் கூடியும் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்த கீறல்கள் ஒரு திசையில் ஓடும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்றே இதற்குப் போதும். அமிலத்தால் மெருகைக் குன்றச் செய்திருந்தால், கைபடாத இடுக்குகளிலும் அதே மங்கல் காணப்படும். கைபட்டுத் தேய்ந்த பொருள் அப்படித் தேய்வதில்லை.

நான்காவது, நீல நிறம். அதற்கு மூலம் கோபால்ட் என்னும் கனிமம். யுவான் காலத்தில், அதாவது 14ஆம் நூற்றாண்டில், மேற்காசியாவிலிருந்து வந்த கோபால்டில் இரும்பு மிகுதி, மாங்கனீசு குறைவு. பிற்காலத்தில் மிகுதியாகப் பயன்பட்ட சீனத்துக் கோபால்டில் மாங்கனீசு மிகுதி. எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனையால் பொருளை உடைக்காமலே இவ்வேறுபாட்டை அறியலாம். ஆய்வகச் சோதனைக்கும் எல்லை உண்டு. களிமண் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தைக் கணக்கிடும் வெப்ப ஒளிர்வுச் சோதனைக்குச் சாடியில் சிறு துளையிட்டுத் துகள் எடுக்க வேண்டும். அதன் விடையும் பல பத்தாண்டுகள் முன்பின்னாகவே கிடைக்கும். கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அச்சோதனையை ஏமாற்றுவோரும் உள்ளனர்.

வல்லுநரைக் கேட்டால் தீர்ந்துவிடுமே எனலாம். பிரான்சு நாட்டில் 2022 அக்டோபரில் நடந்த ஏலம் ஒன்றைச் சொல்கிறேன். வெளிநாட்டில் வாழ்ந்த ஒருவர் தம் தாயின் வீட்டிலிருந்து விற்பனைக்கு அனுப்பிய நீலவெண் சாடி அது. ஏல நிறுவனத்தின் வல்லுநர் அதனை 20ஆம் நூற்றாண்டினது என்று கணித்து 2,000 யூரோ அளவில் மதிப்பிட்டார். ஏலம் 77 இலட்சம் யூரோவில் முடிந்தது. 18ஆம் நூற்றாண்டின் அரிய பொருள் என்று நம்பியோர் போட்டியிட்டதே காரணம். வல்லுநர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நிறுவனம் அவரை நீக்கியது. இதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது, விலை ஏறியதனால் பழமை மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே. பலர் விரும்புவது என்பது ஒன்று. உண்மை என்பது வேறொன்று.

எனவேதான் தேர்ந்தவர்கள் இறுதியாக ஒன்றைக் கேட்கின்றனர்: இப்பொருள் எங்கிருந்து, யார் யார் கைவழியே வந்தது? இலண்டன் பிரிட்டிசு அருங்காட்சியகத்தில் ஓர் இணைச் சாடி உள்ளது. கோயிலுக்கு அளித்த அன்பர் ஒருவரின் வேண்டுதலோடு 1351ஆம் ஆண்டும் அவற்றின் கழுத்தில் எழுதப்பட்டுள்ளது. அந்த எழுத்து உண்மையானது. ஆயினும் அதனால் மட்டும் அவை அளவுகோல் ஆகிவிடவில்லை. 1950களில் அமெரிக்க அறிஞர் சான் போப், இசுதான்புல் அரண்மனையிலும் ஈரானின் அர்தபீல் தலத்திலும் நெடுங்காலம் பாதுகாக்கப்பட்ட சீனப் பீங்கான்களை அவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்த பின்னரே 14ஆம் நூற்றாண்டின் நீலவெண் பீங்கான் தெளிவாக வரையறுக்கப்பட்டது. தனித்து நிற்கும் பொருள் பேசுவதில்லை. இடமும் துணையும் உடைய பொருள் பேசுகிறது. இந்த அளவில், பெரியபட்டினத்தில் மண் அடுக்கிலிருந்து எடுத்த விரலளவு ஓடு, வரலாறு தெரியாத முழுச் சாடியைவிட மேலானது. அதனை யாரும் விற்க முடியாது. அதனாலேயே அதனை யாரும் போலி செய்வதுமில்லை.

அன்பர்களே, இனிப் பாட்டுக்கு வருகிறேன்.

பாடலிலும் அடியெழுத்து உண்டு. ‘இன்னார் இயற்றியது’ என்னும் குறிப்பே அது. திருவள்ளுவர் பெயரில் ஞானவெட்டியான் வழங்குகிறது. அகத்தியர் பெயரில் எண்ணற்ற மருத்துவ நூல்கள் வழங்குகின்றன. மொழிநடையை நோக்கினால் இவை மிகப் பிற்பட்டவை என்பது தெளிவு. இவற்றை இயற்றியவரை எல்லாம் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். காங்சி காலத்துக் குயவர் போல முன்னோர் பெயரை மரியாதைக்காக இட்டவரும் இருப்பர். ஆனால் மரியாதைக்காக இட்ட பெயரைக் காலத்துக்குச் சான்றாக நாம் கொள்ளக் கூடாது. கம்பராமாயணத்திலும் பெரியபுராணத்திலும் வெள்ளியம்பலத் தம்பிரான் சேர்த்தனவாகச் சொல்லப்படும் பாடல்கள் ‘வெள்ளிப் பாடல்’ என்றே பெயர் பெற்றன. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் ஐயத்துக்குரிய பாடல்களை எரித்துவிடவில்லை; மிகைப்பாடல் என்று தனியே பிரித்து அச்சிட்டனர். அதுவே நேர்மையான முறை.

பாடலின் அடிவளையம் அதன் சொல். புலவர் எண்ணிப் பாராமல் கைக்கு வந்ததைப் பயன்படுத்தும் சிறு சொற்களில்தான் காலம் வெளிப்படும். சாவி, சன்னல், அலமாரி என்பன போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொற்கள். அவர்கள் இந்தியக் கரைக்கு வந்தது 1498இல். பழம்பாடல் என்று ஒருவர் நீட்டும் ஏட்டில் இவற்றுள் ஒன்று இயல்பாக அமர்ந்திருந்தால், அது சாடியின் அடியில் ஆங்கில எழுத்து இருப்பதற்கு ஒப்பானது. பாடலுக்குக் கைமாறிய வரலாறும் உண்டு. உரையாசிரியர் எவரேனும் அதனை மேற்கோளாகக் காட்டினாரா? எத்தனை ஏடுகளில் உள்ளது? எந்த ஊர் ஏட்டில் இல்லை? உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிடுவதற்கு முன் பல ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டது இந்த விசாரணையே.

வையாபுரிப்பிள்ளையை இங்கே நினையாமல் இருக்க முடியாது. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகிய அவர், சான்று கேட்டார். பல நூல்களுக்கு நாம் விரும்பியதைவிடப் பிற்பட்ட காலத்தைக் குறித்தார். அதற்காக அவர் மீது சினந்தவர் பலர். அவர் குறித்த காலங்கள் பலவற்றை இன்று ஏற்பதற்கில்லை. ஆனால் அவற்றை மாற்றியது எது? 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டெடுத்த தமிழ்-பிராமி நடுகற்கள். பொருந்தல் அகழாய்வில் கிடைத்து, கி.மு. 490 அளவினது என்று கதிரியக்கக் கரிமச் சோதனையால் கணிக்கப்பட்ட நெல், கீழடி. மண்ணிலிருந்து, இடமும் அடுக்கும் குறிக்கப்பட்டு வந்த சான்றுகள் அவை. சினம் செய்யாததைச் சான்று செய்தது. தமிழின் பழமையில் நமக்குள்ள நம்பிக்கை உறுதியானதென்றால், அதனைச் சோதனைக்கு உட்படுத்த நாம் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்சுவோமாயின், சாடியைக் கவிழ்த்துப் பார்க்க விடாத வணிகருக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

கவிஞர்களிடம் ஒரு சொல். இன்றும் ஜிங்டெசென் ஊரில் குயவர்கள் பழைய வடிவங்களில் அரிய சாடிகளைச் செய்கின்றனர். தம் பெயரையே அடியில் இடுகின்றனர். அது போலி அன்று, மரபு. வெண்பாவும் ஆசிரியமும் இன்று எழுதுவதும் அவ்வாறே மரபு. ஆனால் ‘மாதோ’, ‘அம்ம’ என்னும் அசைகளைத் தூவிப் பழமை ஏற்றுவது அமிலத்தால் மெருகைக் குன்றச் செய்வது போன்றது. ஒரகடத்து ஆலையில் இரவுப் பணி முடித்து வருபவர் பாடும் வெண்பாவில் அந்த ஆலையின் சங்கும் அந்தப் பேருந்தும் இருக்கட்டும். நம் காலத்தின் மண் அடிவளையத்தில் தெரிவது குறை அன்று. நாளை நம் பாடலைத் தேர்பவருக்கு அதுவே சான்றாகும்.

இறுதியாக, நடைமுறைச் செய்தி. நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டத்தின்கீழ் வருவன. அவற்றை விற்பனை செய்வோர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புதையலை மறைப்பது 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே ‘தோண்டும்போது கிடைத்தது, வெளியே சொல்லாதீர்கள்’ என்று ஒருவர் சாடியை நீட்டினால், அது பொய்யாயின் பணம் போகும். மெய்யாயின் வழக்கு வரும். இரண்டிலும் வாங்கியவருக்கே இழப்பு.

நம் பகுதியில் நாள்தோறும் மண் வெட்டப்படுகிறது. ஆலைக்கு அடித்தளம், சாலைக்குக் கிராவல், வீட்டுக்குக் கடைக்கால். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்காலக் கருவிகள் உட்படப் பல காலத்துப் பொருள்கள் வெளிப்பட்டன. நம் காலடியில் இருப்பது வெறும் மனை அன்று என்பதற்கு அதுவே சான்று. உறுப்பினர்கள் எங்கேனும் மெருகிட்ட ஓடோ, எழுத்துள்ள கல்லோ, பழைய செங்கல் வரிசையோ கண்டால், அவ்விடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கும் ஊராட்சிக்கும் தெரிவிக்க வேண்டுகிறேன். வீட்டுக்கு எடுத்து வந்தால் அது அழகுப்பொருள் ஆகிவிடும், சான்றாக நில்லாது. அடுத்த பத்தாண்டில் இந்த வட்டம் கவிதைத் தொகுப்புகளோடு இத்தகைய குறிப்பேடு ஒன்றையும் சேர்க்குமானால், பின்வருவோர் நமக்கு நன்றி சொல்வர்.